டர்ன்டேபிளுக்கு அடியில் எந்தப் பலகை: கிரானைட்டா, மேப்பிளா, பிளைவுட்டா?

#1 புதுத்தட்டு

வணக்கம். இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்று கேட்டே ஆக வேண்டிய நிலை.

என்னுடையது டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள் (மோட்டாரே நேராகச் சுழற்றும் ரெக்கார்டு கருவி, சுருக்கமாகத் 'தட்டு'), எடை 11 கிலோ. மாடியில், மரப்பலகைத் தளத்தில், ஒரு ரேக்கின் மேல் இருக்கிறது. யாராவது பக்கத்தில் நடந்தால் ஊசி எகிறுகிறது. சத்தத்தைக் கூட்டினால் பாஸ் (தாழ்ந்த ஒலி) வரும் இடங்களில் 'உம்ம்ம்' என்று ஒரு முனகல் கூடவே வருகிறது. அதிர்வைத் தடுக்க 45க்கு 40 செ.மீ., 3 செ.மீ. தடிமனில் ஒரு கிரானைட் பலகை வாங்கி, நான்கு மூலைக்கும் கெட்டியான ரப்பர் பேட் வைத்து, அதன்மேல் தட்டை ஏற்றினேன்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. நடந்தால் எகிறுவது முன்னைவிட மோசம். முனகல் அப்படியேதான் இருக்கிறது.

கல்லைத் தூக்கிவிட்டு வேறு எதை வைப்பது? மேப்பிள் மரம், மூங்கில், பிளைவுட், அக்ரிலிக் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எந்தப் பொருள் சரி?

#2 கல்தச்சன்

கிரானைட்டின் மேல் பழி போடாதீர்கள். ஆறு வருடமாக என் தட்டு 4 செ.மீ. கிரானைட்டின் மேல்தான் ஓடுகிறது. பாஸ் இறுக்கமாக, தெளிவாக இருக்கிறது. உங்கள் பேட் மட்டமானதாக இருக்கும். பேட்டைத் தூக்கி எறிந்துவிட்டுக் கூர்முனைக் கால் போடுங்கள்.

#3 இழைப்புளி

கல்லை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். 'ணங்' என்று ஒலித்து, அந்த ஒலி கொஞ்ச நேரம் நிற்கும். அதே அளவு மேப்பிள் கட்டையைத் தட்டினால் 'டொக்'. அவ்வளவுதான், செத்துவிடும். மரத்துக்குள் நார் நாராக உள் உராய்வு இருக்கிறது, கல்லில் அது மிகக் குறைவு. நான் 5 செ.மீ. தடிமனில் முனைவெட்டு ஒட்டிய (நார்முனை மேலே தெரியும்படி துண்டுகளை ஒட்டிய) மேப்பிள் வைத்திருக்கிறேன். குறை ஒன்றும் இல்லை.

#4 அரைத்தூக்கம்

பாட்டுக் கேட்கும்போது நடக்காதீர்கள். செலவும் மிச்சம்.

#5 வில்சுருள்

புதுத்தட்டு, ஊசி எகிறுவதுதான் உங்கள் முதல் புகார். எந்தப் பலகை வாங்கினாலும் அது தீராது. பலகை அதிர்வைத் தடுப்பதில்லை. பலகை வெறும் எடை. தடுப்பது அதற்குக் கீழே இருக்கும் மெத்தென்ற பொருள்: ரப்பரோ, ஸ்பிரிங்கோ, காற்றோ. எடையும் அந்த மெத்தையும் சேர்ந்து ஒரு ஊஞ்சல் மாதிரி. அதற்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு, அதாவது தட்டிவிட்டால் விநாடிக்கு எத்தனை முறை தானாக ஆடும் என்ற கணக்கு (ஹெர்ட்ஸ்). அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வரும் அதிர்வை அது தடுக்காது, பெருக்கும். அந்த எண்ணைப் போல 1.4 மடங்கைத் தாண்டிய பிறகுதான் தடுக்கவே ஆரம்பிக்கும். மூன்று மடங்கு தாண்டினால் எட்டில் ஒரு பங்குதான் மேலே போகும், நான்கு மடங்கில் பதினைந்தில் ஒரு பங்கு. தணிப்பு (ஆட்டத்தை உள்ளேயே அடக்கும் குணம்) அதிகமுள்ள ரப்பரில் இந்தப் பலன் இன்னும் குறையும்.

அந்த எண்ணைக் கண்டுபிடிக்க லேப் தேவையில்லை, ஸ்கேல் போதும். பாரம் ஏற்றியதும் மெத்தை எத்தனை மி.மீ. அமுங்குகிறது என்று பாருங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் ஹெர்ட்ஸில் விடை கிடைக்கும்.

1 மி.மீ. அமுங்கினால் 15.8 ஹெர்ட்ஸ். 2.5 மி.மீ. என்றால் 10. 10 மி.மீ. என்றால் 5. 3 ஹெர்ட்ஸுக்குக் கீழே போக வேண்டுமானால் கிட்டத்தட்ட 28 மி.மீ. அமுங்க வேண்டும். கடையில் விற்கும் 'அதிர்வு நீக்கும் பேட்' எதுவும் இவ்வளவு அமுங்குவதை நான் பார்த்ததில்லை.

உங்கள் பேட் எவ்வளவு அமுங்கியிருக்கிறது?

#6 புதுத்தட்டு

வெர்னியர் வைத்து அளந்தேன். கல் இல்லாமல் 25 மி.மீ., கல்லும் தட்டும் ஏற்றிய பிறகு 23. நான்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி. அப்படியானால் 11 ஹெர்ட்ஸ் சொச்சம் வருகிறது. அது நல்லதா கெட்டதா?

#7 வில்சுருள்

இருக்கிற இடங்களிலேயே மோசமான இடம் அதுதான். இரண்டு காரணம்.

முதலாவது உங்கள் டோன்ஆர்ம், ஊசியைச் சுமக்கும் கை. ஆர்மும், அதன் முனையில் ஊசியைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்ததும் ஓர் ஊஞ்சல்தான். ஊசித் தண்டைப் பிடித்திருக்கும் ரப்பர்தான் அதன் ஸ்பிரிங். ஆர்மின் பயனுறு நிறை (ஊசி உணரும் எடை) 12 கிராம், கார்ட்ரிட்ஜும் திருகும் 7 கிராம், கார்ட்ரிட்ஜ் பெட்டியில் போட்டிருக்கும் நெகிழ்வு எண் 12 என்று வைத்துக்கொள்வோம். 19ஐ 12ஆல் பெருக்கினால் 228, அதன் வர்க்கமூலம் 15.1. 159-ஐ அதனால் வகுத்தால் 10.5 ஹெர்ட்ஸ். பொதுவாக 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருக்கட்டும் என்றுதான் எல்லாரும் ஆர்முக்குப் பொருந்தும் கார்ட்ரிட்ஜைத் தேடுகிறோம். கீழே போனால் வளைந்த ரெக்கார்டின் ஏற்ற இறக்கத்தோடு மோதும், மேலே போனால் பாட்டின் பாஸோடு மோதும். ஆக, ஆர்ம் ஆடத் துடிக்கும் அதே இடத்தில் கல்லையும் ஆட வைத்திருக்கிறீர்கள்.

(நெகிழ்வு எண்ணைப் பார்க்கும்போது ஜாக்கிரதை. ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் பலர் அதை 100 ஹெர்ட்ஸில் அளந்து போடுவார்கள். இந்தக் கணக்குக்கு அதை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்கிக்கொள்ள வேண்டும்.)

இரண்டாவது உங்கள் தரை. மரத்தளம் ஒரு பெரிய முரசுத் தோல் மாதிரி. காலடி பட்டால் அதுவும் இதே சுற்றுவட்டாரத்தில்தான் அதிரும்.

இன்னொன்று. ரப்பர், மெதுவாக அமுக்கும்போது காட்டும் விறைப்பைவிட வேகமாக அதிரும்போது அதிக விறைப்பு காட்டும். அதனால் 11 என்று கணக்கு வந்தால் நிஜத்தில் 13, 14 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

#8 கல்தச்சன்

கணக்கெல்லாம் சரி, என் கல் மட்டும் எப்படி வேலை செய்கிறது? கூர்முனைக் கால் அதிர்வைக் கீழே வடித்துவிடுகிறது. தட்டில் பிறப்பது தரைக்குப் போய்விடும், தரையில் இருப்பது மேலே வராது.

#9 வில்சுருள்

அண்ணே, அந்த முனைக்கு ஒருவழிப்பாதை தெரியாது. கீழே போகும் வழியிலேயே மேலேயும் வரும். கூர்முனை இரண்டு பொருளையும் இறுக்கமாகப் பிணைக்கிறது, பிரிக்கவில்லை.

உங்கள் வீட்டில் தரை என்ன?

#10 கல்தச்சன்

கான்கிரீட். தரைத்தளம்.

#11 அரைத்தூக்கம்

ஆக, ஆறு வருடமாக வேலை செய்தது கல் இல்லை, கான்கிரீட்.

#12 பழைய ஊசி

கல்தச்சனைக் கிண்டல் செய்ய வேண்டாம். கான்கிரீட் தரையில் காலடிப் பிரச்சினை கிடையாது. அங்கே மிஞ்சுவது காற்று வழியாக ஸ்பீக்கர் தரும் அதிர்வுதான். அதற்குக் கனமான பலகை உதவும், ஏனென்றால் கனமான பொருளைக் காற்றால் லேசில் அசைக்க முடியாது. அவர் காதில் விழுந்தது பொய்யில்லை. அவர் வீட்டு மருந்தை அடுத்த வீட்டு நோய்க்குத் தந்தார், அவ்வளவே.

புதுத்தட்டு, நீங்கள் இரண்டு தொல்லையைச் சொன்னீர்கள். இரண்டும் வேறு வேறு வழியில் வருகிறவை. நடந்தால் எகிறுவது தரை வழியாக, சில ஹெர்ட்ஸில். முனகல் ஸ்பீக்கரிலிருந்து, பெரும்பாலும் 30 ஹெர்ட்ஸுக்கு மேல். ஒரே பொருளால் இரண்டையும் தீர்க்கப் பார்த்ததில்தான் குழப்பம். எது எவ்வளவு என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

மோட்டாரை நிறுத்துங்கள். ஓடாத ரெக்கார்டின் மேல் ஊசியை இறக்குங்கள். வால்யூம் குமிழில் கையை வைத்துக்கொண்டு, மெல்ல, மிக மெல்லக் கூட்டுங்கள். எங்கோ ஓரிடத்தில் முனகல் பிறந்து ஊளையாக வளரும். அதற்கு முன்னாலேயே குறைத்துவிடுங்கள், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால் வூஃபர் (ஸ்பீக்கரில் பாஸ் தரும் பெரிய கூம்பு) போய்விடும். குமிழ் எந்த நிலையில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூடியைக் கழற்றிவிட்டு அதையே மறுபடி செய்யுங்கள். அந்தக் கண்ணாடி மாதிரி மூடி ஒரு கப்பல் பாய், அறையில் உள்ள பாஸையெல்லாம் பிடித்துக் கீழே கொடுக்கும்.

அடுத்து, வால்யூம் சாதாரணமாக இருக்கும்போது ரேக்கை விரலால் தட்டுங்கள், தரையைத் தட்டுங்கள். எது ஸ்பீக்கரில் கேட்கிறது, எப்படிக் கேட்கிறது? 'டொக்' என்று முடிந்தால் பரவாயில்லை. 'டூம்ம்ம்' என்று இழுத்தால் ஏதோ ஒன்று தணிப்பில்லாமல் ஆடுகிறது.

பல பேர் 'இவ்வளவு சின்ன அதிர்வுக்கா இத்தனை பாடு' என்பார்கள். 1 கிலோஹெர்ட்ஸில் விநாடிக்கு 5 செ.மீ. வேகம் என்ற வழக்கமான அளவில் பதிந்த ஒலிக்கு ஊசி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்வது 8 மைக்ரான். தலைமுடி 70 மைக்ரான் சொச்சம். அந்த ஒலிக்கு 60 டெசிபல் கீழே, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்காக இருக்கும் நுணுக்கத்துக்கு அசைவு 8 நானோமீட்டர். அந்த அளவு அசைவைப் படிக்கும் கருவியைத்தான் நீங்கள் அதிரும் பலகைத் தரையில் வைத்திருக்கிறீர்கள்.

போதாக்குறைக்கு, ஆர்.ஐ.ஏ.ஏ. சமன்பாடு (ரெக்கார்டில் குறைத்துப் பதிந்த பாஸை ஆம்பிளிபையர் திரும்பக் கூட்டும் முறை) வேறு 20 ஹெர்ட்ஸ் பக்கம் 19 டெசிபல் தூக்கிவிடுகிறது. தரை அசைவு மேடை கட்டித் தந்ததுபோல் வூஃபருக்குப் போய்ச் சேரும். கூம்பு சும்மாவே முன்னும் பின்னும் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

#13 புதுத்தட்டு

சோதித்துவிட்டு வருகிறேன். போனில் அளக்க முடியுமா?

#14 வில்சுருள்

தாராளமாக. ஃபைஃபாக்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது, ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் வெளியிட்டது, இலவசம். அதில் முடுக்கத்தின் அலைமாலையை, அதாவது எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு அதிர்வு என்ற படத்தைக் காட்டும் பகுதி உண்டு. போனின் உணரி மேல் அதிர்வெண்களுக்கு லாயக்கில்லை, ஆனால் காலடி வரும் பகுதிக்குத் தாராளம். போனைத் தரையில் வைத்து ஓர் ஆளை ஒரே மாதிரி நடக்கச் சொல்லி அளவெடுங்கள். பிறகு போனைக் கல்லின் மேல் வைத்து அதே நடை.

#15 புதுத்தட்டு

செய்துவிட்டேன்.

தரையில் 13 ஹெர்ட்ஸில் ஒரு குன்று. கல்லின் மேல் அதே 13இல் அதே குன்று, உயரம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. தடுக்கத்தான் வாங்கினேன், அது மூன்று மடங்காக்கித் தருகிறது. படத்தைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஊசியை இறக்கி வால்யூம் கூட்டிய சோதனையில் குமிழ் 11 மணி நிலைக்கு வந்ததும் முனகல் தொடங்கியது. மூடியைக் கழற்றியதும் 12 வரை போனது. நான் கேட்பது 11க்குப் பக்கத்தில்தான்.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். இடப்பக்க ஸ்பீக்கர் அதே ரேக்கின் மேல் அடுக்கில், டர்ன்டேபிளுக்கு ஒரு சாண் தள்ளி இருக்கிறது.

#16 பழைய ஊசி

அதை இப்போதா சொல்வது!

#17 அரைத்தூக்கம்

வழக்கு முடிந்தது. குற்றவாளி ரேக்கிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

#18 பழைய ஊசி

எந்தப் பலகையையும் பற்றி யோசிப்பதற்கு முன் அந்த ஸ்பீக்கரைத் தனி ஸ்டாண்டுக்கு இறக்குங்கள். பலகை வாங்கும் காசு மிச்சமானாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

#19 மணல்மேடு

நான் ஒரு பெட்டியில் காய்ந்த மெல்லிய மணலை 4 செ.மீ. உயரத்துக்குக் கொட்டி, அதன்மேல் ஓரம் தொடாத பலகை மிதக்கவிட்டிருக்கிறேன். மணிகள் ஒன்றோடொன்று உரசி அதிர்வைத் தின்றுவிடும். தட்டினால் பேச்சே இல்லை.

#20 வில்சுருள்

தணிப்புக்கு மணல் நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மணல் அமுங்காது, அதனால் தரையசைவைப் பிரிக்காது. அப்புறம் ஒரு மாதத்தில் மணல் படிந்து பலகை ஒருபக்கம் சாயும், ரசமட்டத்தைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

#21 காந்தன்

எதிரெதிர்க் காந்தம் வைத்த கால்கள் வருகின்றனவே, தட்டு காற்றில் மிதக்குமாம். தொடர்பே இல்லையென்றால் அதிர்வு எப்படி வரும்?

#22 வில்சுருள்

நிலையான காந்தங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பொருளை எல்லாப் பக்கமும் நிலையாக மிதக்கவைக்க முடியாது. எர்ன்ஷா என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1842இலேயே சொல்லிவிட்டார். அதனால் அந்தக் கால்களுக்குள் பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்க ஒரு தண்டோ உறையோ உரசிக்கொண்டு இருக்கும். அந்த உரசல் வழியே அதிர்வு வரும். மேலும் காந்தத் தள்ளுவிசையும் ஸ்பிரிங்தான், நெருங்க நெருங்க விறைப்பு கூடும் ஸ்பிரிங். கார்ட்ரிட்ஜுக்குப் பக்கத்தில் வலுவான காந்தம் வைப்பது எனக்கு உவப்பில்லை.

#23 தொங்குதட்டு

நடுவில் நுழைகிறேன். என்னுடையது பெல்ட் டிரைவ் (மோட்டார் ஒரு வார் மூலம் சுழற்றும் வகை), உள்ளேயே மூன்று ஸ்பிரிங்கில் தொங்கும் வகை. இதற்கும் ஸ்பிரிங் கால் வைத்த பலகை போட்டால் இரட்டிப்புப் பலன் வருமா?

#24 பழைய ஊசி

வேண்டாம். 1961இல் எட்கர் வில்ச்சூர் தன் ஏ.ஆர். நிறுவனத்தின் தட்டை இந்த மூன்று ஸ்பிரிங் அமைப்போடு கொண்டுவந்தார். பிளாட்டரும் (ரெக்கார்டு உட்காரும் சுழல்வட்டு) ஆர்மும் ஒரே உள்சட்டத்தில், மோட்டார் வெளியே. அதன் பிறகு தோரன்ஸ் டி.டி. 150, லின் எல்.பி. 12 மாதிரித் தட்டுகள் எல்லாம் அந்த வழிதான். இவை ஒவ்வொன்றும் தானே ஒரு தடுப்பு மேடை. அதற்கடியில் இன்னொரு ஸ்பிரிங் வைத்தால் ஊஞ்சலுக்குள் ஊஞ்சல். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் புதிதாக இரண்டு அதிர்வெண்களைக் கிளப்பும், தட்டு படகு மாதிரி ஆடும். இவற்றுக்குப் பொருத்தம் எடை குறைந்த, விறைப்பான சின்ன மேசை, இல்லையென்றால் சுவர் அலமாரி. கனமான கல்லை மேசையில் ஏற்றினால் மேசையின் அதிர்வெண் கீழே இறங்கி ஸ்பிரிங்கோடு வந்து மோதும்.

#25 தொங்குதட்டு

சரி, ஆசையை மூட்டை கட்டுகிறேன்.

#26 புதுத்தட்டு

ஸ்பீக்கரை இறக்கித் தனி ஸ்டாண்டில் வைத்தேன். முனகல் சோதனையில் குமிழ் இப்போது ஒன்றரை மணி வரை போகிறது. பாதித் தொல்லை முடிந்த மாதிரிதான். எகிறுவதில் மட்டும் மாற்றமில்லை.

கல்லுக்கடியில் ரப்பரை எடுத்துவிட்டு ஸ்பிரிங் வைத்தால்? 18 மி.மீ. அமுங்கும் ஸ்பிரிங் கிடைக்கிறது. கணக்குப்படி 3.7 ஹெர்ட்ஸ். தரை 13இல் ஆடுகிறது, மூன்றரை மடங்கு. அருமையாகத் தடுக்க வேண்டுமே?

#27 வில்சுருள்

கணக்கு சரி. 13 ஹெர்ட்ஸ் ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் நீங்கள் அளந்தது தரையின் அதிர்வு, நடையின் அதிர்வு இல்லை. மனிதர் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைக்கிறார். அது 2 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பு 4 ஹெர்ட்ஸ், உங்கள் ஸ்பிரிங்கின் 3.7க்கு வீட்டு வாசல். எஃகு ஸ்பிரிங்குக்குத் தணிப்பு கிட்டத்தட்டக் கிடையாது, ஒருமுறை ஆடத் தொடங்கினால் நிற்க நேரமாகும். இது தவிர தளம் வெறுமனே மேலும் கீழும் போவதில்லை, சாயவும் செய்கிறது. உயரமான ரேக்கின் உச்சியில் அந்தச் சாய்வு பக்கவாட்டு அசைவாகப் பெருகும். மேலும் கீழும் மட்டும் பார்க்கும் ஸ்பிரிங் அதற்கு என்ன செய்யும்?

தலைவலி போய்த் திருகுவலி வரும். ஆடுகிற தரைக்கு மருந்து, தரையை விட்டு விலகுவதுதான். சுவர் அலமாரி போட முடியுமா?

#28 புதுத்தட்டு

வாடகை வீடு. அந்தப் பக்கத்துச் சுவரும் மெல்லிய தடுப்புச் சுவர்தான்.

#29 இழைப்புளி

தடுப்புச் சுவரில் மாட்டாதீர்கள். அது தரையோடு சேர்ந்து ஆடும், போதாததற்கு ஸ்பீக்கர் சத்தத்துக்கும் தோல் மாதிரி அதிரும்.

தச்சு வேலை செய்கிறவன் கண்ணால் ஒன்று சொல்கிறேன். தரைப் பலகைக்கு அடியில் உத்திரங்கள் ஒரு சுமைச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் போகும். பலகைகளில் ஆணி வரிசை எந்தத் திசையில் தெரிகிறதோ அதுதான் உத்திரம் ஓடும் திசை. உத்திரத்தின் நடுப்பகுதிதான் அதிகம் தொங்கும், அதிகம் ஆடும். முனை சுவரில் உட்கார்ந்திருப்பதால் அங்கே அசைவு மிகக் குறைவு. உங்கள் ரேக் அறையின் நடுப்பக்கம் இருக்கிறதா?

#30 புதுத்தட்டு

நட்டநடு. இரண்டு ஸ்பீக்கருக்கும் மத்தியில் அழகாக இருக்கட்டும் என்று.

#31 இழைப்புளி

அழகைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். உத்திரத்தின் முனை இருக்கும் சுமைச் சுவரோரம், முடிந்தால் மூலையில், ரேக்கின் கால்கள் இரண்டு மூன்று உத்திரங்களின் மேல் பரவும்படி வையுங்கள். சுவரைத் தொடாமல் இரண்டு விரல் இடம் விடுங்கள். போனோ கேபிளை (தட்டிலிருந்து ஆம்பிளிபையருக்குப் போகும் கம்பி) நீட்ட வேண்டாம், ஆம்பிளிபையரையும் தட்டோடு கொண்டுபோய்விட்டு ஸ்பீக்கர் கம்பியை நீட்டுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: அறை மூலையில் பாஸ் குவியும். தரை அமைதியாகும், காற்று கொஞ்சம் கூடும்.

#32 புதுத்தட்டு

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரேக்கை நகர்த்தினோம். கல்லைத் தூக்கும்போது விரல் நசுங்கியது, அது தனிக் கதை.

போனில் அளந்தேன். புதிய இடத்தில் தரையின் 13 ஹெர்ட்ஸ் குன்று பழைய உயரத்தில் ஐந்தில் ஒன்றுகூட இல்லை. கல் இல்லாமல், தட்டு நேராக ரேக்கின் மேல். மனைவி பக்கத்திலேயே நடந்தார், மகன் குதித்தான். குதித்தால் மட்டும் எகிறுகிறது, நடந்தால் இல்லை.

ஆனால் இழைப்புளி சொன்னது போலவே குமிழ் ஒன்றரையிலிருந்து மறுபடி ஒரு மணிக்கு வந்துவிட்டது. இப்போதாவது பலகையைப் பற்றிப் பேசலாமா? கேள்வி கேட்டதே அதற்குத்தான்.

#33 வில்சுருள்

இப்போது பேசலாம். மிச்சம் இருப்பது காற்று வழியாகவும் ரேக் வழியாகவும் வரும் 30, 40 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட சமாச்சாரம். மெத்தை 10 ஹெர்ட்ஸில் நின்றாலும் 40க்கு நான்கு மடங்கு இடைவெளி கிடைக்கிறது. தணிப்பு மட்டும் நன்றாக இருக்க வேண்டும், 10 பக்கம் பெருக்கிவிடக் கூடாது. பலகையை இழைப்புளி சொல்லட்டும், அது அவர் பேட்டை.

#34 இழைப்புளி

நான் மேப்பிள்காரன்தான், ஆனால் உங்களுக்கு அடுக்குப் பலகையைச் சொல்வேன். 18 மி.மீ. பிர்ச் மரப் பிளைவுட் இரண்டு துண்டு. நடுவில் மெல்லிய, பிசுபிசுப்பான, கெட்டியாகாத ஒரு படலம். கார் கதவின் உட்புறம் ஒட்டும் பியூட்டைல் ரப்பர் தாள் இருக்கிறதே, அதன் அலுமினிய முகத்தை உரித்தால் அதுவேதான். பலகை வளைய முயலும்போது மேல் துண்டும் கீழ் துண்டும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கும். நடுவில் உள்ள பசை அறுபட்டு இழுபட்டு அந்த ஆற்றலைச் சூடாக மாற்றிவிடும். ஒரே தடிமனான பலகையில் இது நடக்காது.

இங்கே எல்லாரும் செய்யும் தப்பு இரண்டு. மரப்பசையால் ஒட்டிவிடுவார்கள். அது காய்ந்தால் கல், இரண்டு துண்டும் ஒரே துண்டாகிவிடும். இல்லையென்றால் நடுவில் 5 மி.மீ. ரப்பர் ஷீட் போடுவார்கள். அப்போது அது தணிப்புப் படலம் இல்லை, ஒரு ஸ்பிரிங். ஓரத்தில் திருகு போட்டு இறுக்குவதும் கூடாது, திருகு வழுக்கலைத் தடுத்துவிடும்.

எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) எடுத்தாலும் குற்றமில்லை. எடை கொஞ்சம் கூட, விறைப்பு குறைவு, ஈரம் பட்டால் ஊதும். மூங்கில் பலகை மேப்பிளுக்கு நெருக்கம். அக்ரிலிக் பார்க்க அழகு, நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டேன்.

#35 கல்தச்சன்

கல்லையே நடுத் துண்டாக்கலாமே? பிளைவுட், பியூட்டைல், கிரானைட்.

#36 இழைப்புளி

ஆகும் அண்ணே, உண்மையிலேயே நல்ல யோசனை. பசைப் படலம் கல்லின் 'ணங்'கைக் கொன்றுவிடும். புதுத்தட்டின் ரேக் 19 கிலோ கூடுதலைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. கல் 14.5, பிளைவுட் வேறு.

#37 புதுத்தட்டு

தாங்காது. என் விரலும் தாங்காது.

#38 வில்சுருள்

கால்களுக்கு வருவோம். சார்போதேன் (தணிப்பு அதிகமுள்ள, ரப்பர் மாதிரிப் பொருள்) அரைக்கோளம் வாங்குங்கள். ஷோர் ஓஓ என்ற மென்மை அளவில் 30, 50, 70 என்று மென்மை வாரியாக வரும். எது நல்லது என்று கேட்காதீர்கள், எவ்வளவு பாரத்துக்கு என்று கேளுங்கள். உயரத்தில் 15 முதல் 20 சதவீதம் அமுங்குகிற மாதிரி தேர்ந்தெடுக்க வேண்டும். பாரம் குறைந்தால் கெட்டி ரப்பர் துண்டாக நிற்கும், கூடினால் நசுங்கிப் பிதுங்கி அதுவும் விறைத்துவிடும். 'பெரிய சைசே வாங்கிவிடுவோம்' என்பது இங்கே எடுபடாது.

ஒவ்வொரு மூலைக்கும் வரும் பாரத்தைத் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள். சமையலறைத் தராசு போதும். ஒரு மூலைக்கடியில் தராசு, மற்ற மூன்றுக்கும் அதே உயரக் கட்டை, மாற்றி மாற்றி வையுங்கள்.

இது எண்ணெய் கசிந்து மரத்தில் கறை படியவைக்கும் பொருள். மேலும் கீழும் ஒரு பிளாஸ்டிக் துண்டு வைத்துவிடுங்கள்.

#39 அரைத்தூக்கம்

சைக்கிள் டியூபை யாரும் சொல்லவில்லையே. குழந்தை சைக்கிளின் 12 அங்குல டியூப், கொஞ்சமாகக் காற்று, மேலே பலகை. என் வீட்டில் அதுதான்.

#40 பழைய ஊசி

முதல் முறையாக அரைத்தூக்கம் முழுசாக விழித்து எழுதியிருக்கிறார்! அது நிஜமாகவே வேலை செய்யும், காற்றைக் குறைவாக விட்டால் 4 ஹெர்ட்ஸ் பக்கம்கூட இறங்கும். பலகை தரைதட்டாமல் மிதக்கிற அளவுக்கு மட்டும் காற்று, அதற்குமேல் ஒரு அடி அடித்தாலும் டயர் மாதிரி கெட்டியாகிவிடும்.

#41 புதுத்தட்டு

பலகை தயாராகும் வரை டியூபையும் முயன்றேன். முனகல் சோதனையில் குமிழ் மூன்று மணிக்குப் போயும் சத்தமில்லை. அசந்துவிட்டேன். ஆனால் ரெக்கார்டைத் திருப்பிப் போடக் கை வைத்தாலே மொத்தமும் தொட்டில் மாதிரி ஆடுகிறது, நிற்கும் வரை காத்திருந்துதான் ஊசியை இறக்க வேண்டியிருக்கிறது. நான்காம் நாள் காலை தட்டு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. வால்வில் மெல்லிய கசிவு.

#42 அரைத்தூக்கம்

வாரம் ஒருமுறை காற்று அடிப்பேன். உடற்பயிற்சி.

#43 புதுத்தட்டு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

இழைப்புளி சொன்ன மாதிரியே இரண்டு பிர்ச் துண்டு, நடுவில் பியூட்டைல். பலகை 4.4 கிலோ வந்தது, தட்டோடு சேர்த்து 15.4. தட்டிப் பார்த்தேன், கட்டையைத் தட்டிய சத்தம்கூட இல்லை, மெத்தையில் குத்திய மாதிரி ஒரு 'பொத்'. மூலை பாரம்: பின் இடம் 4.7, பின் வலம் 4.1, முன் இடம் 3.2, முன் வலம் 3.4. நான்கு அரைக்கோளங்களையும் 4 கிலோ அளவுக்கு வாங்கினேன், 25 மி.மீ. உயரத்தில் 5 அமுங்குகிறது.

குமிழ் இப்போது இரண்டே கால். டியூப் அளவுக்கு இல்லை, ஆனால் தட்டு மேல் கை வைத்தால் ஆடவில்லை. நான் அந்தச் சத்தத்தில் கேட்கப் போவதுமில்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. முதல் நாள் ரசமட்டத்தில் குமிழி நடுவில் இருந்தது. இன்று பின்பக்கம் ஒரு கோடு இறங்கியிருக்கிறது.

#44 வில்சுருள்

அந்தப் பொருள் பாரத்தில் மெல்ல மெல்ல அமிழும், முதல் சில வாரம் அப்படித்தான். பின்பக்கக் கால் இரண்டையும் இரண்டு செ.மீ. உள்பக்கமாக நகர்த்தினால் பாரம் இன்னும் அவற்றின் மேல்தான் ஏறும், அதனால் அதைச் செய்யாதீர்கள். முன்பக்கக் கால்களைப் பின்னோக்கி நகர்த்துங்கள், முன்னும் பின்னும் பாரம் சமமாகும் வரை. தராசு இன்னும் சமையலறைக்குத் திரும்பிப் போகவில்லைதானே?

#45 புதுத்தட்டு

இல்லை. அதைப் பற்றி வீட்டில் ஏற்கெனவே ஒரு புகார் நிலுவையில் இருக்கிறது.

கல்தச்சன் அண்ணே, 45க்கு 40 கிரானைட் ஒன்று சும்மா கிடக்கிறது. வந்து எடுத்துக்கொள்கிறீர்களா?

#46 கல்தச்சன்

வருகிறேன். பியூட்டைல் தாள் மிச்சம் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.